மைக்செட்டுக்காரன் வாங்கிய ஹெட்போன்

அன்னவாசல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றைத் தவிர வீட்டில் எல்லாம் நல்லபடியாக ஓடுகிறது. அங்கே எடின்பரோ குளிரில் நீயும் உன் தொண்டையும் உன் கிடாரும் சுகந்தானா என்று தெரியப்படுத்து. வாட்ஸ்அப்பில் தட்டினால் என் கட்டைவிரல் பக்கத்து எழுத்தையும் சேர்த்து அமுக்குகிறது, ஃபோனில் பேசினால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உன் அம்மா அதைக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிடுவாள். கோயில் பூச்சொரிதலுக்கு அனுப்ப வேண்டிய குழாய் ஸ்பீக்கர்களைப் பத்து நாளைக்கு முன்னால் வியாழக்கிழமை நம் மொட்டைமாடியில் கட்டி லைன் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், பார்த்துவிட்டு அணைக்க மறந்துபோனேன். உனக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறோமே, அதற்கு முன்னால் இந்தக் கிடார் எப்படித்தான் சத்தம் போடுகிறது என்று தெரிந்துகொள்வோம் என்று, பீரோ மேலே கிடந்த உன் பழைய கிடாரை எடுத்து அதே மிக்ஸரில் சொருகினேன். அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல் கூடாது என்று நல்ல புத்தியாகக் காதில் ஹெட்போனையும் மாட்டிக்கொண்டேன். எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, கம்பியை மேலும் கீழும் இழுத்து ஒரு கச்சேரியே பண்ணிவிட்டேன். கண்ணைத் திறந்தால் எதிரே உன் பொன்னுத்தாய் அத்தை பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் ஹெட்போனைக் கழற்றுகிறேன், அவள் பேச்சு பாதியிலிருந்துதான் கேட்கிறது. "மைக்செட்டுக் கட்டிப் பாட்டுப் போடுற அளவுக்கு வீட்டுல விசேஷம், சொவத்துக்கு அங்கிட்டு இருக்குற தங்கச்சிக்கு ஒரு சொல்லு இல்லையாண்ணே? இளமதிக்கு நிச்சயம் பண்ணுறீங்களா, எனக்குத் தெரியாம?" என்கிறாள். உன் அம்மா அடுப்படியிலிருந்தே, "நிச்சயமும் இல்ல ஒண்ணும் இல்ல பொன்னு, ஒங்க அண்ணன் பாட்டுக் கத்துக்கிறாரு, ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு" என்றாள். அத்தை உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, கட்டின சேலையை வீணாக்கக் கூடாது என்று அப்படியே கோயிலுக்குப் போய்விட்டாள். மறுநாள் டீக்கடையில் ஒருத்தர் என்னிடம் மெதுவாக, "காளை எதுவும் வாங்கியிருக்கீங்களாண்ணே, நேத்து ஒங்க வீட்டுப் பக்கம் ஒண்ணு கத்திக்கிட்டே கெடந்துச்சே" என்று விசாரித்தார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். காளை என்றால் கொஞ்சமாவது மரியாதை.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் வந்து மூன்று மாதம் இங்கேயிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கே உன் அம்மா உன் அறைக்குத் திரைச்சீலை மாற்றிவிட்டாள். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னாய். எடின்பரோ திரும்பியதும் உங்கள் பாட்டுக் குழு மேடை ஏறுகிறது, தினம் வாசித்துப் பழகியாக வேண்டும், வீட்டில் அதற்குத் தோது இல்லையென்றால் திருச்சியில் ரூம் எடுத்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் வந்து போகிறேன் என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். உன் அம்மா ஃபோனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள், அப்புறம் அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே எனக்கு உத்தரவு என்னவென்று புரிந்துவிட்டது. இத்தனை கடல் தாண்டி வருகிற பிள்ளை திருச்சியில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது என்றால் நான் இந்தத் தெருவில் எப்படி நடப்பேன், அதைவிட உன் அம்மாவோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பேன். அதனால்தான் அன்றைக்கே மார்தட்டிவிட்டேன், மைக்செட்டுக்காரன் மகளுக்கு வாசிக்க ஸ்பீக்கர் இல்லையா என்று. நீ சிரித்தாய், ஐயோ அப்பா அந்த ஸ்பீக்கர் வேண்டாம்ப்பா, நல்ல ஹெட்போன் ஒன்று, முடிந்தால் ஸ்டூடியோ மானிட்டர் என்றாய்.

மானிட்டர் என்றதும் எனக்கு இளக்காரம். மேடையில் பாடுகிறவர் காலடியில், அவர் முகத்தைப் பார்த்த மாதிரி சாய்த்து வைப்போமே, அதுதானே மானிட்டர், நம் குடோனிலேயே கிடக்கிறதே என்று ஒன்றை உருட்டிக்கொண்டுவந்து உன் கட்டிலுக்கு எதிரே வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, அறைக்குள் ஒன்று அது இருக்கலாம், இல்லையென்றால் நீ இருக்கலாம். பெலிக்ஸ் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காலேஜ் நாளில் உனக்குக் கிடார் சொல்லிக்கொடுத்த அதே பெலிக்ஸ்தான், புதுக்கோட்டையில் இன்னமும் கிளாஸ் நடத்துகிறார், தொப்பை மட்டும் புதிது. அவர் நிலைவாசலிலேயே நின்று, "தங்கமுத்துண்ணே, புள்ள வாசிக்கப் போகுதா, இல்ல கட்சி மீட்டிங்கா?" என்றார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். மேடைப் பெட்டி தூரத்துக்கு எறிகிறது, ஸ்டூடியோ மானிட்டர் எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் காதுக்காகச் செய்தது, அது சத்தத்துக்குச் சர்க்கரை போடாது, விரல் வழுக்கினால் வழுக்கியது என்றே காட்டும் என்றார். எனக்கு இது நம்பவே முடியவில்லை. நான் இத்தனை வருஷமாகச் செய்தது எல்லாம் கடைசி வீட்டுக்கும் கேட்கிறதா என்று பார்த்ததுதான், எதிரே இருக்கிற ஆளுக்கு எப்படிக் கேட்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, எதிரே இருக்கிற ஆள் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்.

நானும் உன் அம்மாவும் பெலிக்ஸும் திருச்சிக் கடைக்குப் போனோம். முதலில் ஹெட்போன். நான் மாட்டிய முதல் ஹெட்போனில் பாஸ், அதுதான் அந்தத் தும் தும் சத்தம், நெஞ்சுக்குள் இடித்தது, இதுதான் இதுதான் என்று நான் கத்தியது கடை வாசலுக்கே கேட்டதாம். பெலிக்ஸ் அதைக் கழற்றி வைத்துவிட்டார், "அது பாட்டுக் கேக்குறதுக்குண்ணே, வாசிக்கிறதுக்கு ஆகாது, தப்பா வாசிச்சாலும் பிரமாதம்னு சொல்லும்" என்றார். உன் அம்மா உடனே, "அப்ப அது இவரு மாதிரி" என்றாள். நிஜந்தான், நீ முதல் முதலில் வாசித்துக்காட்டியபோது எது சுருதி எது தப்பு என்று தெரியாமலே நான் பிரமாதம் என்றேன், உன் அம்மாதான் மூணாவது கம்பி சரியில்லை என்றாள். எனவே உன் அம்மா மாதிரி ஒரு ஹெட்போன் கேட்டேன், பெலிக்ஸ் புரிந்துகொண்டார். அடுத்து, காதை முழுக்க மூடுகிற வகையா, பின்பக்கம் வலை வைத்த ஓப்பன் வகையா என்று ஒரு பஞ்சாயத்து. மூடுகிற வகையில் வெளியே கொஞ்சமும் கசியாது, ஆனால் நம் சித்திரை வெயிலில் அதை மாட்டினால் காது வெந்துவிடும். ஓப்பன் வகையில் காதுக்குக் காற்று வருகிறது, நெடுநேரம் மாட்டினாலும் கனம் தெரியவில்லை, சத்தமும் தலைக்குள்ளே முட்டாமல் எதிரேயிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. கசிவு எவ்வளவு என்று பார்க்க நான் மாட்டிக்கொண்டு உன் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தினேன், கொசு பாடுகிற மாதிரி இருக்கு, சீரியல் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னாள். ஓப்பன் வகையே வாங்கிவிட்டோம். கரண்டு போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஹெட்போன் ஓடும் என்றார் பெலிக்ஸ், நம் ஊருக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் மானிட்டர். பெரிய பெட்டியைப் பார்த்ததும் என் கை தானாக அங்கிட்டுப் போனது, பெலிக்ஸ் பிடித்து இழுத்துவிட்டார். உன் அறை அளவுக்கு அஞ்சு இஞ்சு ஸ்பீக்கரே தாராளம், அதற்கு மேல் போனால் பாஸ் மூலையில் போய் உருண்டுகொண்டு கிடக்கும் என்றார். அந்தச் சின்னப் பெட்டி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம், கண்டக்டர் என்ன குழந்தையா என்று கேட்டார். வீட்டில் வைத்ததும் ஆரம்பித்தது வேடிக்கை. தடித்த கம்பியைத் தட்டினால் பீரோ கதவு கூடவே பாடுகிறது. பீரோவை ஹாலுக்கு நகர்த்தினேன், பரண்மேல் எவர்சில்வர் பாத்திரம் பாடுகிறது. உன் அம்மா முணுமுணுத்துக்கொண்டே அதையும் இறக்கினாள். இன்வெர்ட்டர் பக்கத்தில் போனால் கிடார் உறுமுகிறது, அதனால் இன்வெர்ட்டரும் இடம் மாறிவிட்டது. பெட்டிகளைச் சுவரை ஒட்டி வைக்காமல் தள்ளி, நீ உட்கார்ந்தால் உன் காது மட்டத்துக்கு வருகிற மாதிரி, மணல் நிரப்பிய பலகைப் பெட்டிகள் மேல் நிறுத்தியிருக்கிறேன். பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், எதிரொலி அடங்கிவிட்டது, பார்க்கத்தான் யாரோ மெத்தையைத் தண்டித்த மாதிரி இருக்கிறது. பொன்னுத்தாய் அத்தையிடமும் கேட்டுவிட்டேன். அவள் மகள் காவ்யா நர்ஸ் வேலையில் நைட் ட்யூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற வாரம் மட்டும் உன்னை ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொன்னாள், மற்ற நாள் எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கட்டும் என்றாள். "எம் மருமகன் கொறட்டைக்கே பழகிட்டேன், இது என்னண்ணே" என்றாள்.

இவ்வளவும் முடித்துவிட்டு, உனக்குச் சொல்லலாம் என்று இருந்தபோதுதான் நேற்று நீயே கூப்பிட்டாய். வீட்டிலேயே தங்குகிறேன்ப்பா, திருச்சி ரூம் வேண்டாம் என்றாய், அடுப்படியில் பாத்திரச் சத்தம் அப்படியே நின்றது. அப்புறம், மானிட்டர் எல்லாம் வேண்டாம்ப்பா, ஹெட்போன் மட்டும் போதும், உங்களுக்கு இரைச்சலாக இருக்கக் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துக்கொள்கிறேன், நான் இருப்பதே தெரியாது என்றாய். நான் அந்த மானிட்டர் ஒன்றின் மேல் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். சரி ஆத்தா, ஒனக்கு எது தோதோ அப்படியே செய் என்றேன்.

கிளம்பும்போது கிடார் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக் கையோடு கொண்டு வா, லக்கேஜில் போடாதே. கிடாரை லேப்டாப்பில் சேர்க்கிற அந்தச் சின்னப் பெட்டியை மறந்துவிடாதே, அது இல்லாமல் இங்கே இருக்கிற எதுவும் பேசாது. வால்யூமை அளவாக வை, குழாய்ச் சத்தத்தில் மந்தமாகிப்போன என் இடது காது உனக்குப் பாடமாக இருக்கட்டும். நீ நோய் நொடி இல்லாமல், கை விரல் வலிக்காமல், நினைத்தது நடந்து நல்லா இருக்கணும் என்று அம்மாவும் நானும் கும்பிட்டுக்கொள்கிறோம்.

நேற்று ஃபோனில் சொல்ல வாய் வந்து சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். போன தடவை வந்திருந்தாயே, ஒரு சாயங்காலம் காபி எடுத்துக்கொண்டு உன் அறை வாசலுக்கு வந்தேன். காதில் ஹெட்போன் மாட்டி வாசித்துக்கொண்டிருந்தாய், நான் வந்தது உனக்குத் தெரியவில்லை. விரல் ஓடுவது தெரிந்தது, வெறும் கம்பி உரசுகிற சத்தம்தான் கேட்டது. ஒரு இடத்தில் நீயாகச் சிரித்தாய். எதற்குச் சிரித்தாய் என்று எனக்குத் தெரியவில்லை, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காபியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஹெட்போன் உனக்கு வாங்கியது ஆத்தா. அந்த இரண்டு பெட்டியும் எனக்காக வாங்கியது.

இப்படிக்கு
உன் அப்பா
மைக்செட் தங்கமுத்து