சிரிப்பு வரும் இடம்

மார்ச் 3, திங்கள்

இன்று குழாய்க்காரர் என் உயிரை வாங்கிவிட்டார். ஏழு மணி சிரிப்புத் தொடரில் அவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். ஒரு பூனையைப் பார்த்துத் திரும்புகிறார், வீட்டுக்காரர் தலையில் ஏணி. மறுபடி திரும்புகிறார், துணிக்கொடி அறுந்து அத்தனை துணியும் வீட்டுக்காரம்மா மேல். மூன்று நிமிடம் ஒரு வார்த்தை கிடையாது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி. பக்கத்தில் இவர் பிடித்து வைத்த பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் "ஏணி மட்டும் மேல வரட்டும், நீ கீழயே இரு" என்றதும்தான் இவர் சிரித்தார்.

"உங்களுக்கு ரசனையே செத்துப்போச்சு" என்றேன். "காலையில நாலரைக்கு எழுந்து ஸ்கூல் பஸ் ஓட்டிப் பாரு, அப்புறம் ரசனை பத்திப் பேசு" என்றார். இருபத்திரண்டு வருடமாக இதே பதில்தான்.

மார்ச் 4

ஏழரை மணித் தொடரில் மூத்த மருமகள், மாமியாரின் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு வேறு மாத்திரைகளைப் போட்டு வைத்தாள். பாவி! இளையவள் கதவோரம் நின்று பார்த்துவிட்டாள். நான் கத்தினேன். "எதுக்கு இந்தக் கத்து கத்துற?" என்றார் இவர். எதிரில்தானே உட்கார்ந்திருந்தார்? தூங்கிவிட்டாரோ?

மார்ச் 7, வெள்ளி

தம்பி மகள் வாலு வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு, இவர் பஸ்ஸில்தான் போகிறாள். மாமா பஸ்ஸில் புது விளையாட்டாம்.

"சிக்னல் வந்தா நாங்க எல்லாரும் 'சிவப்பு', 'பச்சை'ன்னு கத்தணும் அத்தை. லாரி வந்தா யானை, சைக்கிள் வந்தா பூனை. யாரு முதல்ல கத்துறாங்களோ அவங்களுக்கு மிட்டாய்!"

எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை இந்த மனுஷன் எப்படியெல்லாம் தீர்த்துக்கொள்கிறார் பார் என்று நினைத்துக்கொண்டேன். கண்கூடக் கலங்கியது.

நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறார். அங்கேதான் காற்று வருகிறதாம்.

மார்ச் 11

மூத்தவள் இருட்டில் நின்று மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சே இல்லை. இவர் கேட்டார், "யாரு, இளையவளா?"

மூத்தவள் பனைமரம். இளையவள் அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். மூன்று வருடமாகப் பார்க்கிறோம்.

அன்றைய ஏணியையும் இதையும் கூட்டிப் பார்க்கிறேன். திரையில் பேசினால் சிரிக்கிறார். பேசாவிட்டால் இல்லை.

சீ, என்ன கற்பனை.

மார்ச் 12

என் பிழைப்பே குறை கண்டுபிடிப்பதுதான். ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங். நாளைக்கு அறுநூறு சட்டை, ஒரு தையல் விட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அதனால்தான் இன்று அதைச் செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம்.

"தலை வலிக்குது, சத்தம் வேணாம்" என்று சொல்லி ஒலியை அணைத்துவிட்டேன். குழாய்க்காரர் வந்தார், போனார். விளம்பரம் வந்தபோது சேனலை மாற்றினேன். இவரிடம் ஒரு அசைவும் இல்லை. நான் சத்தமாகச் சிரித்தேன்.

இவரும் சிரித்தார். "ஆளு சரியான கோமாளி" என்று தொடையில் தட்டினார்.

திரையில் செய்தி. இடிந்து விழுந்த ஒரு கட்டடம். ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள்.

சிவப்பு, பச்சை. யானை, பூனை. ஐயோ. ஐயோ கடவுளே.

மார்ச் 13

கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை. தை மாதமே கண் டாக்டரிடம் போயிருக்கிறார், தனியாக. இனி சரியாகாதாம். வண்டியைத் தொடக் கூடாது என்றாராம்.

"நடுவுல மட்டும்தாண்டி மங்கல். ஓரமெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. இந்தப் பாதை எனக்குக் கையிலயே இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு கீறல் உண்டா? ஸ்கூல் லீவு விடுற வரைக்கும்தான். நீ யார்கிட்டயும் வாயத் திறக்கக் கூடாது. என் மேல சத்தியம்."

பஸ்ஸை விட்டால் இந்த மனுஷனிடம் என்ன மிச்சம் இருக்கும்? சத்தியம் செய்துவிட்டேன்.

மார்ச் 14

தம்பிக்குப் போன் செய்து, "ஊரெல்லாம் அம்மையா இருக்கு, கொஞ்ச நாளைக்கு வாலுவ நீயே கொண்டுபோய் விடு" என்றேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. நம் வீட்டுப் பிள்ளையை மட்டும் இறக்கிவிட்டேன். மிச்சம் முப்பத்தொரு பேர் ஏறுவார்கள். நான் என்ன பிறவி?

மார்ச் 17

கை ஒட்டாத சட்டையைப் பாஸ் செய்து அனுப்பியிருக்கிறேன். "என்னக்கா, கண்ணு எங்க இருக்கு?" என்று சூப்பர்வைசர் பெண் கேட்டாள்.

தெருவில் பிரேக் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

மார்ச் 18

மாமியார் மயங்கி விழுந்துவிட்டாள். இளையவள் அழுகிறாள், ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறாள். "வாயத் திறந்து சொல்லித் தொலையேன்டி! செத்தப்புறம் சொல்லுவியா?" என்று கத்திவிட்டேன்.

இவர் என் பக்கம் திரும்பி, "யாரத் திட்டுற?" என்றார். மெதுவாக.

தெருமுனையில்தான் பஸ்ஸை நிறுத்துவார். போய்ப் பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. "எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்" என்றார். எவனோ இடித்தால் பள்ளிக்கூடக் கேட்டின் பச்சைப் பெயின்ட் அதில் எப்படி ஒட்டும்? அதே பக்கம்தானே பிள்ளைகள் இறங்குவார்கள்?

மார்ச் 19

விடிந்ததும் முந்திக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். வண்டிகளைப் பார்க்கும் மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். இவர் காலி வண்டியோடு கையெழுத்துப் போட வருவதற்குள் வேறு டிரைவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாவியைக் கேட்டபோது நானும் அங்கேதான் நின்றிருந்தேன். இவர் கொடுத்துவிட்டார். என்னைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமானது. கண்டுபிடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

மார்ச் 24

பேசவில்லை.

மார்ச் 30

இன்றும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தால் சாப்பிடுகிறார். டிவி போட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். நான் தனியாகப் பார்க்கிறேன். சிரிப்பு வந்தாலும் சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஏழரை மணித் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்த மூத்தவ மாட்டிக்கிட்டாளா?"

பத்தொன்பது நாளுக்குப் பிறகு. டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"மாட்டிக்கிட்டா."

"யாரு சொன்னது?"

"இளையவதான்."

"அவ புருஷன் அவகூடப் பேசுறானா?"

"இன்னும் இல்லங்க."

இவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மணிக்குக் குழாய்க்காரரின் பழைய பகுதிகளை மறுபடி போட்டார்கள். அதே ஏணி, அதே பூனை. பேச்சே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சிரிப்பு வர்ற இடம் வந்தா சொல்லு" என்றார்.




"பூனை" என்றேன்.