முள் எடுத்த மீன்

மார்ச் 3

அன்பு மகனுக்கு,

கப்பல் சமையல் பயிற்சியில் கரை வகுப்பு முடிந்தது. மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் தலை நரைத்தவன். கேன்டீனை இழுத்து மூடும்வரை அங்கே கரண்டி பிடித்தவனுக்கு இவர்கள் புதிதாக என்ன சொல்லித் தந்துவிடப் போகிறார்கள் என்றுதான் போனேன். அம்மாடி! அலையில் பானை கவிழாமல் அடுப்புக் கம்பியோடு கட்டுவதும், தட்டு வழுக்காமல் மேசை விரிப்பை நனைத்துப் போடுவதும் இங்கேதான் தெரிந்துகொண்டேன். இனி கடலில் வேலை பழகினால் சான்றிதழ். எந்தக் கப்பலில் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? உன் கப்பலில்டா! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா

மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். இங்கே என்னோடு இருக்கும் அதிகாரிகள் எல்லாரும் பெரிய இடத்துப் பிள்ளைகள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது ஓட்டல் நடத்துகிறார் என்று சொல்லிவிட்டேன். அதனால் கப்பலில் நாம் யாரென்று காட்டிக்கொள்ள வேண்டாம். மற்றவர்களைப் போல என்னை ‘சார்’ என்றே கூப்பிடுங்கள். இதை எழுதவே கூசுகிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள் மகன்

மார்ச் 22

அன்பு மகனுக்கு,

இதற்குப் போய் ஏன்டா கூசுகிறாய்? கேன்டீனில் என் தங்கச்சியைக் கட்டிய மச்சானையே ‘சூப்பர்வைசர் சார்’ என்று கூப்பிட்டவன் நான். பொண்ணு கொடுத்த வீட்டுக்காரன் என்று அவனும் சலுகை காட்டியதில்லை. நீ நிம்மதியாக இரு. உன் மானம் என் பொறுப்பு.

அப்பா

ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் துறைமுகத்தில் இறங்கிப் போய்விட்டதை கப்பல் ஸ்டோர்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று மதியம் எல்லாருக்கும் மீன் பரிமாறிக்கொண்டே வந்தவர், என்னிடம் வந்ததும் சின்ன வயதில் ஊட்டிய பழக்கதோஷத்தில் குனிந்து, விரலாலேயே முள் எடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். மேசையில் ஒரே சிரிப்பு. “யாருப்பா இவரு, உன் சொந்தக்காரரா?” என்றார் கேப்டன். “யாருன்னே தெரியாது சார், புதுசா வந்தவரு” என்றேன். “மன்னிச்சிடுங்க சார், கைதவறிடுச்சு” என்று நீங்களும் சொன்னீர்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது, ஆனால் காலடியில் பூமிகூட இல்லை.

நேற்று கேப்டனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “மொதல்ல அவரக் கூட்டிட்டு வா” என்றார். திரும்பி வாருங்கள் அப்பா. பாதியில் விட்டால் சான்றிதழ் கிடைக்காது.

உங்கள் மகன்

மே 6

அன்பு மகனுக்கு,

பயிற்சியை நான் விடவில்லை. வேறு கப்பல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தெரியாது என்று நீ சொன்னது பெரிதில்லை. அப்படித்தானே பேசி வைத்திருந்தோம்? ஆனால் நான் கைவைத்த மீனைத் தொடாமல் தட்டைத் தள்ளிவிட்டாய். அந்தத் தட்டைக் கழுவியதும் நான்தான். என் விரல்களைப் பார்க்க எனக்கே அசிங்கமாகிவிட்டது. இங்கே யாரும் கேட்காமலே கையுறை மாட்டிக்கொண்டுதான் பரிமாறுகிறேன். கோபம் இல்லைடா. திரும்பி வரத்தான் மனசு ஒப்பவில்லை.

கப்பல் மாறியதை அம்மாவிடம் சொல்லவில்லை. “இனிமே எம்புள்ள வயிறு வாடாது, அவங்கப்பா பார்த்துக்குவாரு” என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று வாராவாரம் அவளுக்கு எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

அப்பா