பெயர் தெரியாத ஏழு பேருக்கும் உனக்கும்

2025 ஓகஸ்ட் 16, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபது. எண்ணிக்கை: முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து, ஒரு சோடி.

உன்னுடையது. நேற்று லண்டன் நோர்பரியில் உங்கள் வீட்டில் உன் அம்மா அதை ஒரு மரக்கறிக்கடைப் பையில் போட்டுத் தந்தார். இன்று காலை குட்மேய்ஸில் எங்கள் குசினிக்குள் வைத்துப் பையின் முடிச்சை அவிழ்த்தேன். கழிமுகச் சேற்றின் மணம் குப்பென்று வந்தது. கூழ்முட்டை, உப்பு, துருப்பிடித்த இரும்பு எல்லாம் கலந்த மணம். நான் அதை வாயு என்பேன், நீ "கப்பல் மணம்" என்பாய். என் அம்மா மேல்மாடியிலிருந்தே கத்தினார்: "என்னடா, வீட்டுக்கை ஏதும் செத்துப் போச்சோ?"

கதவைத் திறந்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. அறிக்கை எழுதுவேன், அதிலும் நீட்டினால் எனக்கே பொறுக்காது. ஆனால் உன் சாம்பலை எங்கே கரைப்பது என்று பத்து மாதமாக உன் வீட்டில் நடந்த இழுபறி நேற்று முடிந்தது. அதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதலில் பழசு கொஞ்சம். பொறுத்துக்கொள். நீ கதைக்கும்போது நான் எத்தனை தரம் பொறுத்திருக்கிறேன்.

கடலடியை அளக்கும் கம்பனியில் நாம் இருவரும் ஒரே மாதம்தான் சேர்ந்தோம். உனக்குக் கப்பலில் வேலை, எனக்குக் கரையில் கணினியில் வேலை. நீ ஒலியை அனுப்பிக் கடலடியைப் படமாக்கி அனுப்புவாய். மின்கேபிள் போகும் பாதையில் என்னென்ன கிடக்கிறது என்று நான் குறிக்க வேண்டும். பாறை, நங்கூரம், பழைய வலை. இடைக்கிடை ஒரு கப்பல். பெரும்பாலும் பாய்க்கப்பல் காலத்து மரக்கப்பல். மீன் தின்றுவிட்டுப் போன முள்ளுப்போல விலாச்சட்டங்கள் மட்டும் மணலில் நிற்கும். எனக்கு அதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கேபிளை எந்தப் பக்கம் வளைப்பது. நீ கப்பலிலிருந்து போன் எடுப்பாய்.

"மச்சான், பாத்தியே? இருபத்தெட்டு மீற்றர். இதிலை எத்தினை பேர் நிண்டிருப்பினம்?"

"எனக்கென்னடா தெரியும்? அகலத்தைச் சொல்லு."

"ஒம்பது பத்துப் பேர் வரும். சமையல்காரனையும் சேத்து."

ஒவ்வொரு கப்பலுக்கும் இதே கேள்வி. நீளத்தையும் பாய்மரம் நின்ற இடத்தையும் பார்த்து ஆளெண்ணிக்கையை மதிப்பிடுவாய். அறிக்கையில் அதற்கு இடமே இல்லை. "குறிப்பு" என்ற பெட்டிக்குள் எழுதி அனுப்புவாய், நான் அழிப்பேன், அடுத்த கப்பலுக்கும் எழுதுவாய். உனக்கு இது ஒரு கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று நேற்று வரைக்கும் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பாய்க்கப்பல் நடுக்கடலில் மூழ்கியது குறைவு என்று நீதான் சொன்னாய். ஆழமான கடலில் அதற்கு இடம் இருக்கிறது, புயலோடு ஓடித் தப்பலாம். காற்று கரைப்பக்கம் தள்ளும்போதுதான் ஆபத்து. திரும்பி வெளியே போகவும் ஏலாது, நிற்கவும் ஏலாது. நங்கூரம் இழுபட்டால் நேரே மணல்திட்டுத்தான். "பிறேக் இல்லாத லொறி மச்சான். உலகம் எல்லாம் சுத்திப்போட்டு வந்து, லண்டன் வாசலிலை, வீட்டு லைற் தெரியிற தூரத்திலை அடிபட்டுப் போறது." தேம்ஸ் வாயின் பழைய வரைபடத்தில் மூழ்கிய கப்பல்களின் குறி கடுகு கொட்டின மாதிரி இருக்கும். அதை உன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாய்.

பிறகு நீயும் அப்படித்தான் செய்தாய். ஆறு கிழமை வடகடலில் நின்றாய், ஒரு தலையிடி கூட இல்லை. இறங்கி வந்து, நோர்பரி ஸ்ரேசன் படியில், வீட்டுக்கு ஐந்து நிமிட நடையில் விழுந்தாய். மூளைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். முப்பத்தொரு வயது. எனக்கு இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. ஆத்திரம்தான்.

அந்தச் சேற்று நாளுக்கு வருகிறேன்.

போன வருடம் ஜூன். எசெக்ஸ் பக்கம் ஒரு கழிமுகம், கடல் வற்றினால் சேற்றில் ஒரு மரக்கப்பலின் விலாக்கள் வெளியே வரும். பெயர் இல்லை, எந்தப் பதிவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவில் அதை அளக்க வேண்டும் என்று அடம்பிடித்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஒரு பையில் அளக்கும் கருவி, இன்னொரு பையில் உன் அம்மா சுட்டுத் தந்த மட்டன் றோல்ஸ். எது முக்கியம் என்று ரயிலில் சண்டை.

கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று நீதான் பார்த்தாய். எங்கள் வேலையில் அட்டவணை எல்லாம் கிரீனிச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்ட வேண்டும், தூக்கத்தில் கேட்டாலும் கூட்டுவோம். நீயும் கூட்டினாய். ஆனால் அது நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்களுக்காக அந்த ஊர்க்காரர் அச்சடித்த சின்னப் புத்தகம். அவர்கள் ஏற்கனவே கூட்டித்தான் போட்டிருந்தார்கள். வேறு யாரும் அதை அப்படியே வாசித்து ஒழுங்காகக் கரைக்குத் திரும்பியிருப்பார்கள். படித்த இரண்டு பேர் ஒரு மணித்தியாலம் பிந்தினோம்.

கப்பலின் அடிக்கட்டை நீளம் இருபத்திரண்டு மீற்றர். இரண்டு பாய்மரம். "ஏழு பேர்," என்றாய். நான் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த பள்ளத்துக்குள் தண்ணீர் பளபளத்தது.

"டேய், தண்ணி வருது."

"வராது. இன்னும் அரை மணித்தியாலம் வத்தும்."

"நீ புத்தகத்தை நம்பு. நான் கண்ணை நம்புறன்."

இடுப்பளவு தண்ணீரில் ஓடினோம். சேற்றில் ஓட ஏலாது, ஓடுகிற மாதிரி நடித்தோம். நான் கருவியைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். நீ றோல்ஸ் பையைப் பிடித்திருந்தாய். கரையில் நாயோடு நின்ற ஒரு கிழவர், உதவி கூப்பிடவா என்று கேட்டார். நீ வாயெல்லாம் சேற்றோடு, "நாங்கள் நிபுணர்கள்" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னாய். அந்த ஆள் அதற்குப் பிறகும் போகவில்லை. நாயையும் இருத்திவிட்டு நின்று வடிவாகப் பார்த்தார்.

கரையோர அணைக்கட்டில் மல்லாந்து கிடந்து, நனையாத றோல்ஸைத் தின்றோம். கப்பல் நிமிடத்துக்கு நிமிடம் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னாய்.

"மச்சான், நான் செத்தா என்னை இஞ்சை கொண்டுவந்து போடு. உந்த ஏழு பேரோடை."

"விசர்க்கதை கதையாதை. உன்ரை அம்மா யாழ்ப்பாணம் கீரிமலைக் கடலுக்குத்தான் கொண்டுபோவா."

"அதுதான் உன்னட்டைச் சொல்லுறன். எனக்கு அவவிட்டைச் சொல்ல ஏலாது. நீதான் மூஞ்சையிலை அடிச்சமாதிரிச் சொல்லுவாய்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான்கு மாதத்தில் நீ இல்லை.

இனி நேற்று.

பயணச்சீட்டு எடுக்க வேண்டும், கணினியில் வந்து பார்த்துத் தா என்று உன் அப்பா கூப்பிட்டார். போனேன். நீ அலுமாரியின் மேல்தட்டில், பட்டுத்துணி சுற்றிய பெட்டியில் இருந்தாய். உன் அப்பாவுக்கு யாழ்ப்பாணம் போக முழங்கால் விடாது. "சவுத்எண்ட் கடற்கரையிலை எல்லாரும் கரைக்கினம்தானே. பார்க்கிங்கும் இருக்கு," என்று பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், நேற்று அதையும் விட்டுவிட்டிருந்தார். உன் அம்மா கீரிமலைதான் என்று முடித்துவிட்டார். நான் பயணத் திகதியைத் தட்டினால் காரியம் முடிந்தது.

நான் தட்டவில்லை.

"அன்ரி, அவன் கீரிமலை வேண்டாம் எண்டவன். சேத்துக்கை கிடக்கிற ஒரு கப்பலிலை போடச் சொன்னவன்."

நீ எதிர்பார்த்த மாதிரியே மூஞ்சையில் அடித்தமாதிரிச் சொன்னேன். அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அன்ரி கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். அழப்போகிறார், அல்லது வெளியே போடா என்பார் என்று நினைத்தேன்.

"என்ன கப்பல்?"

"பாய்க்கப்பல். இருநூறு வருசம் வரும். பேர் தெரியாது."

"தாண்டதோ?"

"ஓம், மூழ்கினதுதான்."

"அதிலை நிண்ட ஆக்களுக்கு ஆரும் செய்தவையோ?"

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். அவருடைய அப்பாவின் அப்பா வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் ஓட்டியவராம். ரங்கூனுக்கு அரிசி ஏற்றப் போன கப்பல். உன் அம்மாவின் வீட்டில் அந்தக் கப்பல் தாண்டது என்று யாரும் சொல்வதில்லையாம், "வரேல்லை" என்றுதான் சொல்வார்களாம். கன வருடம் பார்த்துவிட்டு, தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி ஒன்று கட்டி, அதற்குக் கொள்ளி வைத்துத்தான் செத்தவீடு செய்தார்களாம். அந்தக் கப்பலில் எத்தனை பேர் போனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால், மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்களாம்.

"இவன் சின்னனிலை ஒரே கேப்பான், எத்தினை பேர் அம்மா, எத்தினை பேர் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

மச்சான், அதை நீ எனக்கு ஒரு தரம் சொல்லியிருக்கலாம். உன் குறிப்புப் பெட்டியை நான் அழித்திருக்க மாட்டேன்.

"உந்தக் கப்பலிலை எத்தினை பேர் எண்டாவது தெரியுமோ?" என்று அன்ரி கேட்டார்.

"ஏழு. அவன் கணக்குப் பாத்தவன்."

"அப்ப அந்த ஏழு பேருக்கும் முதல் எள்ளும் தண்ணியும் விடவேணும். பிறகு இவனை விடலாம். செய்யாத இடத்திலை என்ரை பிள்ளையை விடேலாது."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அன்ரி, அவை செத்தவையோ நீந்தித் தப்பினவையோ எண்டே தெரியாது."

"தப்பியிருந்தாலும் இருநூறு வருசமா உயிரோடையே இருக்கினம்?"

அங்கிள் சிரித்துவிட்டார். பத்து மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது இதுதான்.

"அவை எங்கடை ஆக்களும் இல்லையே," என்றேன்.

"எங்கடை அப்பு எந்தக் கரையிலை ஒதுங்கினாரோ. அந்த ஊர்ச்சனம் எங்கடை ஆக்களோ? ஆரும் ஒராள் ஒரு கை மண்ணாவது போட்டிருக்குங்கள் எண்டுதானே நாங்கள் நினைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்."

கணினியை மூடினேன்.

தர்ப்பணத்தை யார் செய்வது என்று அடுத்த கேள்வி. எனக்கு அப்பா இருக்கிறார், நான் எள்ளுத் தொட முடியாது. அங்கிள், "என்ரை முழங்கால் சேத்திலை நடக்காது, படகிலை இருக்கும்," என்றார். அமாவாசையில் செய்யலாம் என்று அன்ரி நாட்காட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை. அன்றைக்குத்தான் தண்ணீரும் பெரிதாக ஏறி இறங்கும். ஐயருக்கும் எங்களுக்கும் ஒரே நாள் சரிவருவது இதுதான் முதல் தரம்.

வெளிக்கிடும்போது அன்ரி உன் சப்பாத்தைத் தந்தார். "உன்ரை கால் அளவுதான். போடு. சும்மா கிடந்து என்ன?"

இப்போது காலில் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரு அளவு பெரிது. பிடிவாதம் எனக்குப் பிறவியிலேயே உண்டு, அது உன்னிடமிருந்து வரவில்லை. உன்னிடமிருந்து வந்தது ஒன்றுதான்: திரையில் ஒரு கப்பல் விழுந்தால், கேபிளை வளைக்க முதல் என் வாய் தானாக முணுமுணுக்கிறது, எத்தினை பேர் என்று. பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்க்கிற பார்வை நல்லதில்லை. பரவாயில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. இன்றைக்கே படகுக்காரருக்குப் போன் எடுப்பது. கப்பலுக்கு நேர் மேலே நிறுத்தித் தர வேண்டும். ஆள்கூறு என்னிடம் இருக்கிறது, ஒரு மீற்றர் கூடப் பிசகாது.

2. கடல் முழுதாக ஏறி, வடியத் தொடங்கும் நேரத்தைப் பார்ப்பது. ஏறுகிற தண்ணீரில் விட்டால் நீ கரைக்கே திரும்பி வருவாய். அட்டவணை எந்த நேரத்தில் போட்டிருக்கிறது என்று முன்பக்கத்தை முதலில் வாசிப்பது.

3. லூயிஷாமிலிருந்து வரும் ஐயரிடம் ஏழு பேர் என்று சொல்வது. பெயர், கோத்திரம் கேட்பார். தெரியாது என்று சொல்வது. நீளம் கேட்டால் சொல்லலாம்.

4. கப்பலை முறைப்படி பதிய எழுதிப் போடுவது. குறிப்பு என்ற பெட்டியில் ஆளெண்ணிக்கையை எழுதுவது. யாராவது அழித்தால் திரும்பவும் எழுதுவது.

5. கரைத்துவிட்டுத் திரும்பும்போது யாரும் பின்னால் பார்க்கக்கூடாது என்று அன்ரி இரண்டு தரம் சொன்னார். நான் பார்ப்பேன். தண்ணீர் உன்னை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று யாராவது பார்த்து வைக்க வேண்டும்.