தூதனைத் தூக்கில் போடாதே

உ
முருகன் துணை

சிங்கப்பூர்,
12.3.1961, ஞாயிறு

அன்பு மகன் அழகப்பனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீ அங்கே புருணை நாட்டுச் சீரியாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவில் சுகமா என்று அறிய ஆவல். சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் வாராவாரம் உட்கார்ந்து ஒரு நாட்டையே கட்டி அதற்கு ராஜா ராணி மந்திரி தூதன் எல்லாம் வைத்து ஊரார் குடியைக் கெடுக்க உனக்கு நேரம் எங்கிருந்து வரும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கிற டாலி கிளார்க்குகளுக்கு இப்போது நாற்காலி கொடுத்திருக்கிறார்களாம். எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இருப்பது கோபம் ஒன்றுதான், இந்தக் கடிதம் முழுக்க அதுதான் வரப்போகிறது. பாதியில் மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே, கடைசி வரை படி.

உன் தொடர்கதையைப் பற்றித்தான் சொல்கிறேன். பன்னிரண்டு வாரமாக வெள்ளிக்கிழமை ஆனால் உன் அப்பா பத்திரிகையில் ஐந்து பிரதி வாங்கிக்கொண்டு வந்து, எனக்கும் படிக்கத் தெரியும் என்பதையே மறந்துபோய், உரக்க வாசித்துக் காட்டுகிறார். சுடரகமாம், கடலுக்கு மேலே அந்தரத்தில் மிதக்கிற நாடாம். ஏழு மந்திரிகளாம், ஏழு பேரும் சங்குக்குள் உட்கார்ந்து பேசுவார்களாம். சரி, பேசட்டும். வெளிவிவகார மந்திரிக்கு வைத்தியர் அறுத்து ஒட்டவைத்த இரண்டு நாக்காம், நண்பனோடு பேச ஒன்று பகைவனோடு பேச ஒன்று. வேறு நாட்டுத் தூதன் வந்தால் அவன் நிழலைக் கழற்றி ஒரு குப்பியில் அடைத்து வாசலில் வைத்துவிட வேண்டுமாம், திரும்பிப் போகும்போதுதான் கொடுப்பார்களாம். அந்த இடம் நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், சிரித்தேன். ஆனால் டேய், ஏழு மந்திரி வைத்தாயே, அந்தரத்தில் மிதக்கிற நாட்டுக்கு அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்க அதில் ஒருவன் உண்டா? பித்தளைச் சிப்பாய்களுக்கு மின்னலைத் தீனியாகப் போடுகிறாய், ஜனங்கள் என்னத்தைத் தின்கிறார்கள்? பக்கத்து நாடான நீர்மலையோடு ஓர் அத்தியாயத்தில் நூறு வருஷத்துக்கு நட்பு என்று ஒப்பந்தம் எழுதி, அடுத்த அத்தியாயத்தில் அதைக் கிழித்துக் கடலில் போடுகிறார்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே சுடர்க்கிணறு, அதிலிருந்து வருகிற ஒளியால்தான் இரண்டும் மிதக்கின்றன என்று நீயேதான் எழுதினாய். ஒரே கிணற்றை வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் ஒப்பந்தத்தைக் கிழிப்பார்களா? கிழித்துவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு கிணற்றடிக்கு வருவார்கள்? நாலு பாத்திரம் கழுவிய பெண்ணுக்குத் தெரிந்த ராஜதந்திரம் உன் ஏழு மந்திரிக்கும் தெரியவில்லை.

அந்தக் கிணறு நம் பின்சந்துக் குழாய் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய். நம் வீட்டுக்கும் ஹலீமா பெரியம்மா வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய், அதில் குளித்துத்தான் நீ வளர்ந்தாய். நீர்மலை அவர்கள் வீடு, சுடரகம் நம் வீடு. அரசிக்கு இரத்தினமாலை என்று பெயர் வைத்திருக்கிறாய், ரத்தினம்மாவை மாலையாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. தேக்கா மார்க்கெட்டில் மீன்காரன் என்னை அரசியம்மா என்று கூப்பிடுகிறான். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது பின்னால் இருந்து ஒருத்தி, உங்க மகன் உங்களத் தெய்வமாவே எழுதிட்டான் அக்கா, தம்பிக்காக அந்த அரசி அழுற இடம் இருக்கே, நான் சோத்த அள்ளி வாய்ல வைக்க முடியாம உட்கார்ந்துட்டேன் என்கிறாள். எனக்குத் தட்டை அவள் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. ஒவ்வொருவர் புகழும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எட்டாவது வாரத்தில் இரும்பர்கள் வந்தார்கள். செத்துப்போன ஒரு நட்சத்திரத்திலிருந்து செம்புக் கப்பலில் வந்து, எங்கள் நிலவில் சுரங்கம் தோண்ட வீட்டுக்கு ஓர் ஆள் கொடு என்று கேட்டார்கள். அரசியின் தம்பி நீர்மலைத் தூதன் மாளிகையில் ஒளிந்துகொண்டான். தூதன் ஒரு செம்புக் கப்பலுக்கு ஆசைப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டான். இளவரசனைக் கொண்டுபோய்விட்டார்கள். போன வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்து, ஏழு சங்கும் ஒரே குரலில் தூக்கு என்று ஊதின. கீழே கொட்டை எழுத்தில், அடுத்த வாரம் தூதனுக்குத் தூக்கு என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தூதனுக்கு நீ வைத்த பெயர் காசிமாறன். வெட்கமாக இல்லை உனக்கு? ஹலீமா பெரியம்மாவின் புருஷனைக் காசிம் பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு அந்த மனிதர் தோளில் உட்கார்ந்து தைப்பூசம் பார்த்தவன் நீ. மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் கிடைக்காத அந்த ஜப்பான்காரன் காலத்தில், அவர் வீட்டுச் சட்டியிலிருந்து உனக்குத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள், அவர் மகள் ஜரீனாவுக்குக்கூட அப்புறம்தான்.

கதைதானே அம்மா என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். கதையா அது? உன் செல்லக்கண்ணு மாமாவை ஹலீமா பெரியம்மா வீட்டு விறகறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய் சயாமில் ரயில்பாதை போடுகிற வேலைக்கு ஏற்றிவிட்டார்கள், அவன் திரும்பவே இல்லை. ஒளித்து வைத்த குற்றத்துக்குக் காசிம் அண்ணனையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் அவர் மட்டும் நடந்து திரும்பி வந்தார். அவ்வளவுதான். போனவர்கள் யாரும் வராத காலத்தில் ஒருவர் வந்துவிட்டால், வந்தவர்தான் காட்டிக்கொடுத்தவர் என்று இந்தத் தெரு முடிவு கட்டிவிடும், கட்டிவிட்டது. அவருடைய இடது காது அன்றைக்கு அடித்த அடியில் செவிடாகிவிட்டதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உன் அப்பா அன்றோடு அவர் முகத்தில் விழிக்கவில்லை. நீ எட்டு வயசுப் பிள்ளை, பெரியவர்கள் குசுகுசுவென்று பேசியதைக் கேட்டு மனசில் வைத்துக்கொண்டாய். இப்போது அதை அச்சில் ஏற்றிவிட்டாய். காசிம் அண்ணன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, அவரால் வந்து இல்லை என்று சொல்லவும் முடியாது.

ஜரீனா இப்போது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், உனக்குத் தெரியும். அவள்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலம் நான் குழாயடிக்குப் போனபோது அவர்கள் பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கதவுக்குத் தாழ் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில் முன்வாசல் வழியாக விருந்தாளி போலப் போய்த் தட்டினேன். ஹலீமா அக்கா சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள், குவீன்ஸ்டவுனில் பிளாட் கிடைத்துவிட்டதாம், மாதக் கடைசியில் போகிறார்களாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா, அவன் தெரியாம எழுதிட்டான் என்றேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள், ரத்தினம், உன் மகன் எழுதினது எனக்குப் பெருசில்லலா, அவரு மவுத்தான அன்னைக்கு உன் வீட்டுக்காரரு வாசல்ல நின்னு பார்த்துட்டு உள்ள போயிட்டாரே, சந்தூக்குப் பெட்டியத் தூக்க ஒரு தோள் கொடுக்கலையே, அதையே நான் தாங்கிட்டேன், செத்தவர எடுத்து மறுபடி தூக்குல போடணுமா, அதத்தான் கேக்குறேன் என்றாள். பிறகு சாக்கை முடிச்சுப் போட்டுவிட்டு, நான் இத்தனை நாள் சொன்னதில்ல, இனியும் சொல்ல மாட்டேன், நீ பயப்படாம போ என்றாள். நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். பயப்படாமல் போ என்றாளே, அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அங்கிருந்து நேராக அச்சாபீசுக்குப் போனேன். ஆசிரியர் கோவிந்தசாமி எனக்கு நாற்காலி போட்டு காப்பி வரவழைத்து, அரசியே வந்துட்டீங்களா என்று வேறு சொன்னார். அடுத்த வாரத்தைப் போடாதீர்கள் என்றேன். சிரிக்கிறார். சேங்ஜ் பண்ணணும்னா எழுதினவர் சொல்லணும்மா, அவர் தந்தி அடிக்கட்டும், வியாழக்கிழமை மத்தியானம் மெஷின்ல ஏத்திடுவோம், அதுக்கு முன்னால வந்தா நிறுத்தறேன், ஊரே தூக்கை எதிர்பார்த்துட்டு இருக்கு, சேல்ஸ் பிச்சுக்கிட்டுப் போகுது என்றார். காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

சரி, அந்த ஹலீமா எதைச் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று கேட்பாய். சொல்கிறேன். அன்று காலையில் உன்னை ரேஷன் கிழங்குக்கு வரிசையில் நிற்க அனுப்பியிருந்தேன். உன் அப்பா மலேரியாக் காய்ச்சலில் மாடியில் நினைவில்லாமல் கிடந்தார். நாலு சிப்பாய்களும் தமிழ் பேசுகிற ஒருவனும் காகிதத்தோடு வந்தார்கள். இந்த வீட்டில் இரண்டு ஆண்பிள்ளை என்று எழுதியிருக்கிறது, ஓர் ஆள் வேண்டும், நல்லா இருக்கறவன் எங்கே என்று கேட்டான். ஊருக்குப் போய்விட்டான் என்றேன். அப்படின்னா இவன் வரட்டும் என்று உன் அப்பாவைக் காலைப் பிடித்து மாடிப்படியில் இழுத்தார்கள். தலை ஒவ்வொரு படியிலும் இடித்தது. மூன்றாவது படியில் நான் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு விறகறையில் இருக்கிறான் என்று என் வாயால்தான் சொன்னேன். என் தம்பி, நான் தூக்கி வளர்த்தவன். திரும்பிப் பார்த்தால் குழாயடியில் குடத்தோடு ஹலீமா நிற்கிறாள், எல்லாம் கேட்டுவிட்டாள். அவள் புருஷனை அடித்து இழுத்துக்கொண்டு போனது என் வார்த்தையால். அவர் திரும்பி வந்த பிறகு தெரு அவரைத் துரோகி என்றபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவளுடையது பெருந்தன்மை, என்னுடையது பயம். பதினெட்டு வருஷம் உன் அப்பா அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்புவதைப் பார்த்துக்கொண்டு சோறு போட்டிருக்கிறேன்.

அதனால்தான் உன் மேல் இவ்வளவு கோபம், உன் மேல் பாதி, என் மேல் பாதி. உண்மை தெரியாமல் எழுதியது உன் தப்பு, உனக்குத் தெரியாமல் வைத்தது என் தப்பு. ஆனால் இனிமேல் உனக்குத் தெரியும், இனி நீ எழுதுகிற ஒவ்வோர் எழுத்தும் தெரிந்து எழுதுவது. தூதனை இறக்கு. அவன் நிழலைக் குப்பியிலிருந்து எடுத்து அவன் பெண்டாட்டி கையில் கொடு. ஏழு மந்திரிகளும் எல்லா நாட்டுத் தூதர்களும் இருக்கிற சபையில் உன் அரசி எழுந்து நின்று, நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அவளை அழவிடாதே, அழுதால் ஜனங்கள் மறுபடி அவளைத் தெய்வம் என்பார்கள். மன்னிப்பும் கேட்க வைக்காதே. மறுபடி அதே காலை வந்தால் என்ன செய்வாய் என்று அந்த இரண்டு நாக்கு மந்திரி அவளைக் கேட்கட்டும். அதையேதான் செய்வேன், என் பிள்ளைக்கு அப்பா வேண்டும் என்று அவள் சொல்லட்டும். பதினெட்டு வருஷமாக என்னைத் தூங்கவிடாதது அந்தப் பதில்தான். சபை அவளுக்கு என்ன தண்டனை கொடுக்கும் என்பதை நீ யோசித்து எழுது, எனக்காக இரக்கப்பட்டு எழுதாதே.

இதைத் தந்தியில் சொல்ல முடியாது, அதனால் ஏர்மெயிலில் போடுகிறேன், புதன்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று நேற்றுத் தபாலாபீசில் சொன்னார்கள். பெட்டியில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் உன் அப்பாவிடம் சொல்லப் போகிறேன், முன்னால் சொன்னால் போடாமல் இருந்துவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை. அவர் அடித்தாலும் பேசாமல் போனாலும் சரி. மாதக் கடைசிக்குள் ஒருநாள் அவர் ஹலீமா அக்கா வாசலில் போய் நிற்க வேண்டும், அவர் வராவிட்டால் நான் மட்டுமாவது இந்தத் தெரு பார்க்கப் போய் நின்று உரக்கச் சொல்லிவிட்டு வருவேன்.

நீ நல்லபடியாக இரு, உனக்கு நீண்ட ஆயுளும் நேர்மையான கையும் முருகன் கொடுக்கட்டும். வெயிலில் தொப்பியில்லாமல் கிணற்றுப் பக்கம் போகாதே, டின் மீனையே தின்றுகொண்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கோவிந்தசாமிக்குத் தந்தி வந்து சேர வேண்டும். என்ன எழுதுவது என்று தடுமாறாதே, இவ்வளவு போதும்: தூதன் குற்றமற்றவன், குற்றவாளி அரசி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
செல்லக்கண்ணுவின் அக்கா
ரத்தினம்மா