கழுதையைத் தூங்க வைத்தேன்

சாமை உமி சூடாகும் வாசனை உனக்குத் தெரியும். இன்று காலை உன் லேப்டாப்பின் காற்றுத் துளையிலிருந்து அது வந்தது. உடனே உன் வீட்டுச் சாமை மூட்டைகள் நினைவுக்கு வந்தன. மேசை எதற்கு என்று மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருப்பாய். விசிறி உமியை உள்ளே இழுத்து இழுத்து, ஒருநாள் தாத்தா மாதிரி இருமியது. நான் அதன் முதுகில் ஓர் அப்பளத்தை வைத்தேன்.

"இன்னாடா பண்ற?"

"வெறகே வேணாம்டா இந்த அடுப்புக்கு. போளூர் பஸ் ஸ்டாண்டுல கடை போட்டுடலாம்."

நீ சிரித்துக்கொண்டே அதைத் திறந்து, பிரஷ்ஷால் உமியைத் தட்டினாய். அப்படியும் சூடு இறங்கவில்லை. நாம் சும்மா இருந்தாலும் அதிலிருந்த பழைய இயங்குதளம் சும்மா இருக்காது. எதையாவது தேடும், எதையாவது புதுப்பிக்கும், பிராசஸரை விரட்டிக்கொண்டே இருக்கும். நீ எடை குறைந்த வேறொன்றை ஏற்றிய பிறகுதான் சூடு அடங்கியது, பேட்டரியும் தாங்கியது.

"வேலை இல்லன்னா தூங்க வுடணும்டா. சும்மா சும்மா எழுப்புனா சூடாவாம இன்னா பண்ணும்?" என்றாய்.

"இத எங்கம்மா கிட்ட சொல்லேன்" என்றேன்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் அக்கா லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். "எங்க வூட்ல யாருக்கும் இதத் தொட மனசு வரல. நீ பாத்துக்கப்பா." திறந்தேன். திரையின் அடியில் ஒரு பொம்மைக் கழுதை, என் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தது. எனக்காக நீ நிரல் எழுதிச் செய்துவைத்த கடைசிக் குறும்பு. அதை நான் நிறுத்தவே இல்லை.

இந்த வாரக் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது. நம் மலை ஊரில் கரண்ட் இல்லை. நாளை ஊர்ப் பசங்களுக்குக் கணக்குப் பரீட்சை. உன் குரலில் நீ பதிவு செய்த வகுத்தல் பாடத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். நேற்று போளூருக்கு இறங்கி சார்ஜ் ஏற்றிவந்தேன். இன்று பசங்களை உட்காரவைத்துப் போட்டேன்; பாடம் பாதியைக்கூடத் தாண்டவில்லை, அடிப்பக்கம் சுட்டது, பேட்டரி மளமளவென்று இறங்கியது.

"அண்ணா, முடியறதுக்குள்ள நின்னுடுமா?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"நிக்காது. நிக்க வுட மாட்டேன்."

பிராசஸரை எது தின்கிறது என்று பார்த்தேன். முதல் இடத்தில் கழுதை. பாடத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நடந்துகொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு அடிக்கும் பிராசஸர் விழித்தது. தூங்க விடச் சொன்ன ஆள் செய்கிற வேலையாடா இது?

விரல் கொஞ்சம் தயங்கியது. பசங்களைப் பார்த்தேன். நிறுத்திவிட்டேன். இனி தானாக எழாதபடியும் செய்துவிட்டேன். அழிக்கவில்லை; என்னைக் கழுதை என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டுமே.

சற்று நேரத்தில் சூடு தணிந்தது, விசிறி அடங்கியது. இவ்வளவு நேரம் அந்த இரைச்சலில் அமுங்கிக் கிடந்த உன் குரல் தெளிவாகக் கேட்டது: "மீதி வந்தா பயப்படாதீங்க. அதுவும் விடைதான்."

கடைசிக் கணக்குவரை பேட்டரி தாங்கியது. கரண்ட் வரும்வரை போளூருக்கு நான் இறங்கி ஏறுவேன். அடுத்த பாடம் பின்னம். அதை நீ பதிவு செய்து வைக்கவில்லை. நான் செய்யப்போகிறேன், உன் லேப்டாப்பிலேயே.

மூட்டைமேல் இல்லடா, மேசைமேல்.