உன் நினைவுநாள் பேனரில் என் முகம்

அன்புள்ள செல்வா அண்ணா,

உனக்கு எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு தடவை கேஸை மூடினேனா என்று பார்க்க, ஒரு தடவை மோட்டாரை நிறுத்த, மூன்றாவது எதற்கென்று எனக்கே தெரியவில்லை. நீ இருந்திருந்தால், "டேய் டேனி, கால்ல ஸ்பிரிங் வெச்சுத் தச்சிட்டாங்களாடா?" என்று கேட்டிருப்பாய்.

ஒரு வருடமாக என்னை அரிக்கிற விஷயம் உனக்குத் தெரியும். தாம்பரம் ஆஸ்பத்திரியில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் நீ நர்ஸைப் பார்த்து, "அப்போ இனிமே சாப்பாட்டுல உப்பு போடலாம்ல சிஸ்டர்?" என்றாய். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கிரேஸ் அண்ணிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நான்தான் கத்தினேன். "எல்லாத்துலயும் விளையாட்டாண்ணா? இப்பவாவது சீரியஸா இருக்க மாட்டியா?"

என்ன வாய் இது! அதற்குப் பிறகு நீ இருந்த நாலு நாளும், நான் உள்ளே வந்தால் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். "ம்", "சரிடா", அவ்வளவுதான். உன் சிரிப்பை நான்தான் நிறுத்திவிட்டேன், நீ மனம் நொந்து போய்விட்டாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது லேசுப்பட்ட சிரிப்பா? அனகாபுத்தூரில் மழைத்தண்ணீர் நம் ஹாலுக்குள் வந்த அன்று நான் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். நீ கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கோவளம் போகணும், கோவளம் போகணும்னு கேட்டியே கிரேஸ். பாரு, கடலே வந்துடுச்சு" என்றாய். அண்ணி உன்னைத் திட்டிக்கொண்டேதான் பக்கெட்டை எடுத்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு யாரும் அழவில்லை. நீ போனபின் அதே ஹாலில் டிவி மட்டும் ஓடுகிறது. அண்ணி பள்ளிக்கூடம் போகிறார்கள், வருகிறார்கள், பேப்பர் திருத்துகிறார்கள். மாடியிலிருந்து நான் இறங்கி வந்தால், "சாப்பிட்டியாப்பா" என்பதோடு சரி.

போன சனிக்கிழமை உன் முதலாம் ஆண்டு நினைவுநாள். பம்மலில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பேனர் சொல்லியிருந்தேன். நாம் இருவரும் சேர்ந்து நிற்கும் கிறிஸ்துமஸ் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பி, "அண்ணன் படம் பெரிதாக" என்று எழுதினேன். இருவரில் யார் அண்ணன் என்று எழுதவில்லை. காலையில் கடைக்காரர் தெருமுனையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

பால் வாங்கப் போனேன். ஒரு ஷேர் ஆட்டோ சடாரென்று பிரேக் போட்டது. "இன்னா சார், நீ இங்க நிக்கிற? அங்க உன் மூஞ்சி மாலையோட தொங்கிக்கினு கீது! ஸ்டாண்டுல எல்லாரும் ரெண்டு நிமிஷம் மௌனமா வேற நின்னோம் சார்!"

ஓடிப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, கீழே உன் பெயர், நடுவில் என் முகம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வந்து, அண்ணிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கடைக்காரரைப் பிடித்துக் காய்ச்சினேன். அந்த மனுஷர் நிதானமாகச் சொன்னார். "சார், போட்டோல ரெண்டு பேரு. ஒருத்தர் வாய் நிறைய சிரிச்சிக்கினு இருந்தாரு. இன்னொருத்தர் உம்முனு இருந்தாரு. செத்தவரு யாருன்னு நானே புரிஞ்சிக்கினேன் சார்."

சமையலறையில் ஏதோ சத்தம். அண்ணி அழுகிறார்கள் என்று ஓடினேன். தோசைக் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "உங்கண்ணன் இருந்திருந்தா இதைச் சொல்லிச் சொல்லியே ஊரைக் கூட்டியிருப்பாருப்பா!"

நான் உடைந்துவிட்டேன். "அவர் சிரிப்பை நான்தானே அண்ணி நிறுத்தினேன்" என்றேன்.

"யாரு நிறுத்தினா? நீ லிஃப்ட்கிட்ட போறதுக்குள்ள, 'போயிட்டானா பாரு கிரேஸ்'ம்பாரு. அப்புறம் உன்னை மாதிரியே மூஞ்சிய வெச்சுக்கிட்டு, உன் குரல்லயே என்னைத் திட்டிக் காட்டுவாரு. நர்ஸுங்க எல்லாம் வந்து நின்னு கேப்பாங்க. 'அவன் பயந்து போயிருக்கான், பாவம். நான் நோயாளி மாதிரி படுத்திருந்தாத்தான் அவனுக்கு நிம்மதி'ன்னாரு."

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கலையே. இந்த ஒரு வருஷத்துல நாம ரெண்டு பேரும் என்ன பேசினோம் சொல்லு?"

உனக்கு வருத்தமில்லை என்று தெரிந்ததும் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். முடியவில்லை அண்ணா. உன்னைத் தனியாக விடக்கூடாது என்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மணிக்கணக்கில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, அவ்வளவு நேரமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் எப்போது கிளம்புவேன் என்று காத்திருந்தாயா? உனக்கு மிச்சமிருந்ததே நாலு நாள். அதில் பாதியை எனக்காக ஃபேனைப் பார்த்துக் கழித்தாயா? கோபமாக வருகிறது. அந்த அறைக்குள் இன்னும் ஒரே ஒரு தடவை வர வேண்டும் போலவும் இருக்கிறது.

நேற்று சாப்பிடும்போது அண்ணியிடம் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். "உங்கண்ணன் இதைவிட மட்டமா சொல்வாரு. ஆனா சிரிப்பு வரும்" என்றார்கள். சொல்லிவிட்டு இன்னொரு தோசை வைத்தார்கள்.

விடமாட்டேன். தினமும் ஒன்று சொல்லிப் பழகுகிறேன். அண்ணி சிரிக்கும்வரை சொல்வேன். என்றாவது நானும் அங்கே வந்து சேருவேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தை மாற்றிக்கொள்ளாதே. பாதியில் இருக்கும் ஜோக்கை அப்படியே முடி. அது என்னைப் பற்றியதாகவே இருக்கட்டும், நான் நின்று கேட்கிறேன் அண்ணா.

என்றும் உன் தம்பி,
டேனியல்