குமாசியைவிடக் கிட்டத்தில் டக்கார்

அன்பு மகள் அரபாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அக்ராவில் நானும் உன் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே டக்காரில் நீயும் மாப்பிள்ளை மாலிக்கும் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்த நம் ராஜாத்தியும் அப்படியே இருக்க வேண்டும். செய்தி கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் அம்மா போன பிறகு உன்னை வளர்த்த அத்தையின் பெயரையே மாப்பிள்ளை வீட்டு முறைப்படி குழந்தைக்கு வைக்கப்போகிறீர்கள் என்றதும், வெள்ளியில் பிறந்தவள் கிழமைப் பெயர் வைக்கும் நம் வழக்கப்படி எப்படியும் எஃபுவாதானே, இரண்டு வீட்டு முறையும் ஒரே பெயரில் வந்து நின்றதே என்று பூரித்துப்போனேன். எட்டாம் நாள் காதில் பெயர் சொல்லும்போது பெயருக்கு உரியவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உன் மாமியார் சொன்னதைச் சொன்னேனோ இல்லையோ, அத்தை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். புகைபோட்ட மீன், புளித்த சோள மாவில் செய்த கென்கி உருண்டைகள், பெரிய டப்பா நிறைய ஷிட்டோ மிளகாய் விழுது, எல்லாம் பஸ்ஸில் போவதாக நினைத்து.

மூன்று எல்லை தாண்டி பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் பெயர் வைத்து முடிந்துவிடும், விமானத்தில்தான் போகிறோம், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும் மூன்று மணி நேரந்தான் என்றேன். அவள் கை நின்றுவிட்டது. "இங்க இருக்கிற குமாசிக்கே பஸ்ல அஞ்சு மணி நேரம்டா எக்கோ. டக்கார் குமாசியைவிடக் கிட்டவா?" என்றாள். நான் வேகத்தை விளக்கிக்கொண்டிருக்க, அவள் வேறு கணக்குப் போட்டிருக்கிறாள். "அப்ப நாலு வருஷமா அவ மூணு மணி நேரத்துலதான் இருந்திருக்கா." நீ ஏன் வரவே இல்லை என்று மக்கோலா சந்தையில் யார் கேட்டாலும், அவள் உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறாள், நினைத்தபோது வர முடியுமா என்று உனக்காகப் பரிந்து பேசியவள் அவள். மூட்டையைப் பிரித்துப் போட்டாள். நான் வரவில்லை, வேறு யார் பெயரையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள்.

இன்று காலை துணி வியாபாரி டெடெய் வந்தாள். நாளை டக்கார் போகிறாள், இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் அத்தை என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு டெடெய் சிரித்தாள். "இங்கேருந்து அங்க மூணு மணி நேரம்னா, அங்கேருந்து இங்கயும் அதேதானே. நீ எத்தனை தடவை போய்ப் பாத்த, எஃபுவாக்கா?" என்றாள். உன் துணியை மட்டும் விற்றுவிட்டுப் போடி என்று அத்தை அவளை விரட்டினாள். பிறகு மீன் கூடையைத் திரும்ப அடுக்கத் தொடங்கியவள், திடீரென்று எழுந்து, விமானத்தில் ஜன்னல் பக்கம் உனக்கா எனக்கா என்று கேட்டாள், மகளே! எனக்கு உயிர் வந்தது. அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். ஷிட்டோ மூடியை இப்போது நாடா போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

புதன் காலை ஏறுகிறோம், மதியம் உன் வீட்டில் சாப்பாடு. பச்சை உடம்பு, சூடாகச் சாப்பிடு, விமான நிலையத்துக்கு நீ வராதே, மாலிக்கை அனுப்பு. எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. அத்தை வாசலில் நுழைந்ததும் உன்னைத் திட்டத் தொடங்குவாள். வேலை, விடுப்பு, டிக்கெட் என்று எதுவும் சொல்லாதே. குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிடு.

உன் அப்பா,
எக்கோ